ஓமந்தைக்கு அங்கால குயர் காலம்: ஓர் எளிய அறிமுகம்

முப்பது வயது கடந்தும் கலியாணம் கட்டாத ஒருவர் கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ ஒரு கலியாண வீட்டுக்குப் போனால், பந்தியில் இருந்து வாழையிலைக்குத் தண்ணீர் தெளிப்பதற்குள் யாராவது கேட்டுவிடுவார்கள்: "என்ன தம்பி, இன்னும் ஒண்டும் சரிவரேல்லையோ?" கேட்கிறவருக்குக் கெட்ட எண்ணம் எதுவும் கிடையாது. அவர் மனதில் ஒரு அட்டவணை இருக்கிறது. பெண் பிள்ளை என்றால் சாமத்தியவீடு, பிறகு எல்லாருக்கும் ஓஎல், ஏஎல் சோதனைகள், கிடைத்தால் கம்பஸ், கிடைக்காவிட்டால் வெளிநாடு, ஒரு உத்தியோகம், சாதகப் பொருத்தம், கலியாணம், அடுத்த வருடமே பிள்ளை, அப்புறம் கல்வீடு, அந்தப் பிள்ளைக்கு மறுபடி ஓஎல். எல்லாம் காலாகாலத்தில் நடந்துவிட வேண்டும். நடக்காவிட்டால் அந்த ஆளுக்கு ஏதோ தோஷம் என்று ஊர் முடிவு கட்டிவிடும்.

இந்த அட்டவணையை யார் போட்டது, அதில் யாருக்கு இடமே இல்லை, இடமில்லாதவர்களின் நாட்கள் எப்படிக் கழிகின்றன என்று கேட்கிற சிந்தனைக்குத்தான் 'குயர் காலம்' என்று பெயர். குயர் என்று இங்கே சொல்வது தன்பால் ஈர்ப்புள்ளவர்கள், திருநங்கைகள், திருநம்பிகள் என்று ஆண், பெண், கலியாணம், பிள்ளை என்கிற வழமைக்குள் அடங்காத எல்லாரையும் சேர்த்து. தமிழ்நாட்டில் பால்புதுமையினர் என்றும் எழுதுகிறார்கள். இந்தச் சிந்தனை என்ன சொல்கிறது என்பதை முதலில் சுருக்கமாகப் பார்த்துவிட்டு, அது அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் இருந்து கிளம்பி மற்ற நாட்டுப் படிப்புலகங்களுக்கு எப்படிப் போகிறது, போகிற வழியில் அதற்கு என்ன ஆகிறது என்பதற்கு வருகிறேன். எனக்கு அந்த இரண்டாவது விசயத்தில்தான் அக்கறை அதிகம். ஏனென்றால் காலத்தைப் பற்றிய ஒரு கோட்பாடு ஊர் ஊராகப் போகும்போது, யார் முந்தினவர், யார் பிந்தினவர் என்கிற கணக்கும் கூடவே வந்துவிடுகிறது.

சரி, ஆரம்பத்துக்குப் போவோம். 1981 ஜூனில் அமெரிக்காவில் எயிட்ஸ் பற்றிய முதல் மருத்துவக் குறிப்பு வெளியானது. 1996 அளவில் கூட்டு மருந்துச் சிகிச்சை வருகிற வரைக்கும், நியூயோர்க், சான்பிரான்சிஸ்கோ போன்ற நகரங்களில் இருந்த தன்பால் ஈர்ப்புள்ள ஆண்கள் தங்கள் வயதொத்த நண்பர்களை அடுத்தடுத்துப் புதைத்துக்கொண்டே இருந்தார்கள். இருபத்தைந்து வயதில் பென்ஷனைப் பற்றியும் பேரப்பிள்ளைகளைப் பற்றியும் யோசிக்க முடியாத ஒரு தலைமுறை அது. நாளைக்கு என்று எதையும் தள்ளிவைக்க முடியாது; இன்றைக்கு இருக்கிறதுதான் கணக்கு. இப்படி வாழ்ந்தவர்களுக்குக் காலம் வேறு மாதிரி ஓடியது என்பதைத்தான் அமெரிக்க ஆய்வாளர் ஜாக் ஹால்பர்ஸ்டாம் 2005இல் வந்த 'இன் எ குயர் டைம் அண்ட் பிளேஸ்' என்ற நூலில் பிடித்துக்கொண்டார். குடும்பம், வாரிசு, சொத்து என்று நீண்டு போகிற காலத்துக்கு வெளியேயும் ஒரு வாழ்க்கை உண்டு, அது வளராமல் நின்றுபோன வாழ்க்கை ஒன்றும் இல்லை என்பது அவர் வாதம். நாற்பது வயதில் தனியாக, நண்பர்களோடு, இரவில் விழித்திருந்து வாழ்கிறவரைப் பார்த்து "இன்னும் பெடியன் மாதிரித் திரியிறார்" என்று சொல்கிறோமே, அந்தப் பேச்சுக்குள் இருக்கிற அளவுகோலைத்தான் அவர் கேள்வி கேட்கிறார்.

அதற்கு ஒரு வருடம் முந்தி, 2004இல், லீ எடெல்மன் 'நோ ஃபியூச்சர்' என்று ஒரு நூல் எழுதினார். இந்தக் கூட்டத்திலேயே அதிகம் சண்டை கிளப்பிய நூல் அதுதான். அவர் சொல்வது இது: அரசியல்வாதி இடதோ வலதோ, எல்லாரும் கடைசியில் ஒரு குழந்தையின் படத்தைத் தூக்கிக் காட்டுகிறார்கள். எங்கள் பிள்ளைகளின் எதிர்காலத்துக்காக என்று சொல்லிவிட்டால் எதிர்த்துப் பேச யாருக்கும் வாய் வராது. (எங்கள் தேர்தல் துண்டுப்பிரசுரங்களை ஒருதரம் புரட்டிப் பாருங்கள், ஆள் சொல்வது விளங்கும்.) பிள்ளை பெறாத குயர் மனிதரை அந்த எதிர்காலத்துக்கு எதிரியாக வைத்திருக்கிறார்கள் என்றால், சமாதானம் பேசிக்கொண்டு நிற்காமல், ஓம் நாங்கள் அதற்கு எதிரிதான், உங்கள் எதிர்காலம் எங்களுக்கு வேண்டாம் என்று சொல்லிவிடுவோம் என்கிறார் எடெல்மன். வாசிக்கும்போது தலை சுற்றும். ஆனால் அந்தக் கோபத்துக்குள் ஒரு துல்லியம் இருக்கிறது.

ஹோசே எஸ்தெபான் முனோஸ் 2009இல் 'குரூசிங் யுடோபியா' என்ற நூலில் இதற்குப் பதில் சொன்னார். அவர் கியூபாவில் பிறந்து, நியூயோர்க் பல்கலைக்கழகத்தில் படிப்பித்து, 2013இல் நாற்பத்தாறு வயதில் இறந்துபோனவர். எல்லாப் பிள்ளைகளும் அந்தப் படத்தில் இருக்கிற பிள்ளைகள் இல்லை, வெள்ளையரல்லாத பிள்ளைகளுக்கும் குயர் பிள்ளைகளுக்கும் யாரும் எதிர்காலம் என்று ஒன்றை எடுத்துவைக்கவே இல்லை, அப்படி இருக்க அதைத் துறந்துவிடச் சொன்னால் இல்லாததை எப்படித் துறப்பது என்பது அவர் கேள்வி. குயர் என்பது இனித்தான் வர வேண்டிய ஒன்று, இன்னும் நாம் அங்கே போய்ச் சேரவில்லை, இப்போதிருக்கிற உலகம் எங்களுக்குப் போதாது என்று அவர் வாதிட்டார். எடெல்மன் எதிர்காலத்தை உதறுகிறார், முனோஸ் அதைக் கேட்டு வாங்குகிறார். இரண்டு பேரும் ஒரே துறைக்காரர்கள்தான்.

நாலாவது ஆள் எலிசபெத் ஃப்ரீமன். 2010இல் வந்த 'டைம் பைன்ட்ஸ்' நூலில் 'குரோனோநார்மாட்டிவிட்டி' என்ற ஒரு கருத்தை வைத்தார். பெயர்தான் வாயில் நுழையாது, விசயம் நேரானது: மனித உடம்புகளை அதிகமாக உழைக்கவும் உற்பத்தி செய்யவும் வைப்பதற்காகக் காலத்தைப் பயன்படுத்துவது. நான் அதைக் காலக்கட்டுப்பாடு என்று சொல்லிக்கொள்கிறேன். இது கலியாண வயதோடு நிற்பதில்லை. விசுவமடு, தர்மபுரம் பக்கம் விடிய முதலே ஆடைத் தொழிற்சாலை பஸ் வந்து சந்தியில் நிற்கும். பிள்ளைகள் ஒரு கையில் சாப்பாட்டுப் பொதியோடு ஏறுவார்கள், அரைவாசிப் பேர் போகிற வழியிலேயே நித்திரை. உள்ளே மணித்தியாலத்துக்கு எத்தனை உருப்படி என்று தலைக்கு மேல் ஒரு பலகை. எந்த நேரம் கழிவறைக்குப் போகலாம் என்பது வரைக்கும் உடம்பு பழகிவிடுகிறது. அப்புறம் கிழமைக்கு ஒருதரம் நுண்கடன் கட்டுக்காசு. ஒரு வீட்டு முற்றத்தில் பெண்கள் எல்லாரும் குறித்த நேரத்துக்குக் கூட வேண்டும், ஒருத்தி வராவிட்டால் மற்றவர்கள் பதில் சொல்ல வேண்டும். ஃப்ரீமன் இதையெல்லாம் பார்த்தவர் இல்லை. ஆனாலும் அவருடைய கருத்து இந்தச் சந்தியில் வந்து நின்றாலும் வேலை செய்கிறது. எடெல்மனின் கருத்து அப்படிச் சுலபமாக வந்து நிற்காது, அதற்குக் கீழே வருகிறேன்.

இந்த நாலு பேரும் வேறு வேறு ஆட்கள் போலத் தெரிந்தாலும் வட்டம் சின்னது. எடெல்மனையும் ஃப்ரீமனையும் வெளியிட்டது டியூக் பல்கலைக்கழகப் பதிப்பகம். ஹால்பர்ஸ்டாமையும் முனோஸையும் வெளியிட்டது நியூயோர்க் பல்கலைக்கழகப் பதிப்பகம், அதுவும் ஒரே நூல்வரிசையில். 1993இல் தொடங்கிய 'ஜிஎல்கியூ' என்ற ஆய்விதழ் 2007இல் குயர் காலத்துக்கென்றே ஒரு சிறப்பிதழ் போட்டது, தொகுத்தவர் ஃப்ரீமன். அதில் எடெல்மன், ஹால்பர்ஸ்டாம், இடைக்கால இலக்கிய ஆய்வாளர் கரோலின் டின்ஷா என்று பலர் ஒரு வட்டமேசை உரையாடலில் கலந்துகொண்டார்கள். ஆக மொத்தம் இரண்டு பதிப்பகங்கள், ஒரு ஆய்விதழ், சில பல்கலைக்கழகத் துறைகள். உலகம் முழுக்க இன்றைக்குக் குயர் காலம் என்று பேசப்படுவதில் பெரும்பகுதி இந்தச் சின்ன வட்டத்தில் இருந்து கிளம்பியதுதான்.

கிளம்பியது எப்படிப் போகிறது? இலக்கிய விமர்சகர் எட்வர்ட் சைத் 1983இல் ஒரு கட்டுரைத் தொகுப்பில் கோட்பாடுகளின் பயணத்தைப் பற்றி எழுதினார். ஒரு இடத்தில் பிறக்கிறது, தூரம் கடக்கிறது, போன இடத்தில் வரவேற்போ எதிர்ப்போ கிடைக்கிறது, கடைசியில் புது இடத்துக்கேற்ப உருமாறிப்போகிறது என்று அந்தப் பயணத்தை அவர் நாலாகப் பிரித்தார். கேட்க ஒழுங்காக இருக்கிறது. நிஜத்தில் அவ்வளவு ஒழுங்காக நடப்பதில்லை. ஃபூக்கோ என்ற பிரெஞ்சுச் சிந்தனையாளர் பாலியலின் வரலாறு பற்றிய முதல் தொகுதியைப் பிரெஞ்சில் 1976இல் வெளியிட்டார், 1978இல் அது ஆங்கிலத்துக்கு வந்தது, அமெரிக்க இலக்கியத் துறைகள் அதைப் பிடித்துக்கொண்டன. அவரையும் வேறு பிரெஞ்சுக்காரர்களையும் வைத்து ஜூடித் பட்லர் 1990இல் 'ஜென்டர் ட்ரபிள்' எழுதினார். அது ஜெர்மன் மொழிக்கு அடுத்த வருடமே போய்விட்டது. பிரெஞ்சுக்குப் போனது 2005இல்! பிரெஞ்சுச் சரக்கில் செய்த பொருள் பிரான்சுக்குத் திரும்பிவரப் பதினைந்து வருடம் எடுத்தது, வந்தபோது அங்கே பலர் அதை அமெரிக்க இறக்குமதி என்று சந்தேகமாகப் பார்த்தார்கள். தூரத்துக்கும் நேரத்துக்கும் சம்பந்தமே இல்லை என்பதற்கு இதைவிட வேறு உதாரணம் தேவையில்லை. ஒரு கோட்பாடு எங்கே போகிறது என்பதைத் தீர்மானிப்பது மொழிபெயர்ப்புக்குக் காசு இருக்கிறதா, பாடத்திட்டத்தில் சேர்க்கிற ஒரு விரிவுரையாளர் இருக்கிறாரா, நூலகம் ஆய்விதழுக்குச் சந்தா கட்டுகிறதா, மாநாட்டுக்குப் போக விசா கிடைக்குமா என்கிற சப்பென்ற விசயங்கள்.

வன்னியை எடுத்துப் பாருங்கள். இங்கே இருக்கிற பல்கலைக்கழகப் பீடங்கள் என்ன? கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாயமும் பொறியியலும் தொழில்நுட்பமும். 2021 ஆகஸ்டில் தனிப் பல்கலைக்கழகமான வவுனியாவில் பிரயோக விஞ்ஞானம், வணிகம், தொழில்நுட்பம். குயர் கோட்பாடு பல நாடுகளில் முதலில் நுழைகிற கதவு ஆங்கில இலக்கியத் துறை. அந்தக் கதவே இங்கே கிடையாது. அதனால் இந்தச் சிந்தனை வன்னிக்கு வேறு வழிகளால் வருகிறது: கொழும்பில் இருந்து வருகிற தொண்டு நிறுவனத்தின் வேர்க்ஷொப், கனடாவில் படிக்கிற மச்சாளின் வாட்ஸ்அப், சென்னையில் எழுதப்படுகிற கட்டுரை, யூடியூப். வேர்க்ஷொப் என்றால் உங்களுக்குத் தெரியும்: பிளிப் சார்ட், கலர் மார்க்கர், பத்தரைக்குப் பிளேன்டியும் மாலுபனிஸும், கடைசியில் கையெழுத்துப் போட்டுப் பயணக்காசு. நக்கலடிக்கிறேன் என்று நினைக்க வேண்டாம், பலருக்குத் தங்களைப் பற்றிச் சொல்ல முதல் சொற்கள் கிடைத்தது அப்படியான ஒரு மண்டபத்தில்தான். ஆனால் வருகிற வழி பொருளை மாற்றிவிடும். இலக்கியத் துறை வழியாக வந்தால் குயர் காலம் ஒரு வாசிப்பு முறை. திட்ட அறிக்கை வழியாக வந்தால் அது உரிமை, சேவை, பயனாளி. எதிர்காலமே வேண்டாம் என்று சொன்ன எடெல்மனை ஒரு மூன்று வருடத் திட்டத்தின் இலக்குகளுக்குள் எப்படி எழுதுவது? அவரை வாசலிலேயே விட்டுவிட்டுத்தான் வருவார்கள்.

இனி அந்த முந்தினவர், பிந்தினவர் கணக்கு. மேற்கில் குயர் வரலாற்றை ஒரு வரிசையாகச் சொல்வது வழக்கம்: 1950களில் அடக்கமான சங்கங்கள், 1969இல் நியூயோர்க்கில் பொலிசுக்கு எதிராக ஸ்டோன்வோல் எழுச்சி, 70களில் விடுதலை இயக்கம், 80களில் எயிட்ஸ், 90களில் குயர். அந்தப் பெயரைக் கோட்பாட்டுக்கு வைத்ததே 1990இல் கலிபோர்னியாவில் தெரேசா டி லொரெட்டிஸ் நடத்திய ஒரு மாநாடுதான். இந்த வரிசையை உலகத்துக்கே பொது அளவுகோலாக வைத்தால், மற்ற நாடுகள் எல்லாம் ஏதோ ஒரு படியில் பின்தங்கி நிற்பதாகத்தான் தெரியும். போலந்துக்காரர்களான ஜோவன்னா மிசியெலின்ஸ்காவும் ரொபர்ட் குல்பாவும் 2011இல் தொகுத்த 'டி-சென்ட்ரிங் வெஸ்டர்ன் செக்ஷுவாலிட்டிஸ்' நூலில் இதைத்தான் பிடித்து உலுக்கினார்கள். கம்யூனிச ஆட்சி 1989இல் விழுந்தபோது கிழக்கு ஐரோப்பாவுக்கு அந்த வரிசை வரிசையாக வரவில்லை, மேற்கில் நாற்பது வருடமாக நடந்தது அத்தனையும் ஒரேயடியாக வந்து கொட்டியது. அங்கே காலம் வரிசையாகப் போகாமல் முடிச்சு முடிச்சாகக் கிடக்கிறது என்றார்கள். குயர் என்ற பெயரில் இயக்கம் தொடங்கும்போது, அதற்கு முந்தி வந்திருக்க வேண்டிய விடுதலை இயக்கமே அங்கே இருக்கவில்லை. அதைப் பார்த்துவிட்டு நீங்கள் இன்னும் எழுபதுகளில்தான் நிற்கிறீர்கள் என்று மேற்கத்தைய ஆய்வாளர் சொன்னால், அந்த எழுபதுகள் யாருடையவை?

வன்னிக்காரருக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. 1996இல் மின்சாரத் தட்டுப்பாட்டுக்காக இலங்கை அரசு கடிகாரத்தை முன்னால் தள்ளியது, முதலில் ஒரு மணித்தியாலம், அந்த வருடமே அதை அரை மணித்தியாலமாகக் குறைத்தது. புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த வன்னி பழைய நேரத்திலேயே நின்றது. 2002இல் ஏ9 பாதை திறந்த பிறகு, வவுனியாவில் ஒன்பது மணிக்கு இருந்தவர் ஓமந்தைச் சோதனைச் சாவடியைத் தாண்டினால் மணி எட்டரை. பஸ்ஸில் இருந்தபடியே கைக்கடிகாரத்தின் திருகாணியை இழுத்து முள்ளைத் திருப்புவார்கள், இன்னும் சிலர் திருப்பாமல் மனக்கணக்குப் போடுவார்கள், ஒரு சந்திப்பு என்றால் பழைய நேரமா புது நேரமா என்று கேட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும். 2006 ஏப்ரலில் கொழும்பு பழைய நேரத்துக்கே திரும்பி வரும் வரைக்கும் இப்படித்தான். இரண்டு கடிகாரமும் சரியாகத்தான் ஓடின. அரை மணித்தியாலம் பிந்தினது யார் என்பது சோதனைச் சாவடியின் எந்தப் பக்கத்தில் நீங்கள் நிற்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது, அந்தச் சாவடியை யார் வைத்திருந்தார்கள் என்பதையும் பொறுத்தது. கோட்பாட்டுப் பயணத்திலும் இந்த இரண்டாவது விசயத்தை விட்டுவிடக் கூடாது. எல்லாக் கடிகாரமும் சமம் என்று சொல்வது லேசு. ஆய்விதழ் டியூக்கில் அச்சாகிறது, மேற்கோள் அங்கிருந்து இங்கே வருகிறது, இங்கிருந்து அங்கே போவது பெரும்பாலும் 'தகவல்' மட்டும்தான்.

பிறகு 2009. யுத்தம் முடிந்தபிறகு வன்னிக்கும் எல்லாம் ஒன்றாகத்தான் வந்தது: கைபேசி, ஃபேஸ்புக், லீசிங் கம்பெனி, தொண்டு நிறுவனம், 2013இல் கிளிநொச்சி வரைக்கும் யாழ்தேவி ரயில். முள்ளியவளையில் இருக்கிற ஒரு பெடியன் தன்னைப் பற்றித் தேடத் தொடங்கினால் தன்பால் ஈர்ப்பு, குயர், நொன்பைனரி, கே பிரைட் எல்லாம் ஒரே இரவில் ஒரே கைபேசியில் அவனுக்குக் கிடைக்கும். அவனுக்கு 1969க்குப் பிறகுதான் 1990 என்று எந்தக் கட்டாயமும் இல்லை. குல்பாவும் மிசியெலின்ஸ்காவும் சொல்கிற முடிச்சு அவன் கையில் இருக்கிறது.

சட்டத்தையும் ஒருமுறை பார்க்க வேண்டும், ஏனென்றால் 'பின்தங்கின நாடு' என்கிற பேச்சு அதிகம் வருவது அங்கேதான். இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவை 1883இல் பிரித்தானியர் போட்டது. தன்பால் உறவைக் குற்றமாக்குகிற 365, 365அ பிரிவுகள் அந்தக் கோவையில்தான் இருக்கின்றன. இங்கிலாந்து 1967இல் தன் சட்டத்தைத் தளர்த்திவிட்டது. இலங்கை 1995இல் திருத்தம் கொண்டுவந்து 365அ பிரிவைப் பெண்களுக்கும் சேர்த்து நீட்டியது. 2023இல் இந்தப் பிரிவுகளைத் திருத்தும் தனிநபர் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணில்லை என்று உயர் நீதிமன்றம் சொன்னது. கப்பலில் சட்டத்தைக் கொண்டுவந்து இறக்கியவர்கள் தங்கள் ஊரில் அதைக் கழற்றிவிட்டு, நீங்கள் இன்னும் பழைய காலத்தில் இருக்கிறீர்கள் என்று சொல்கிறார்கள்; இங்கிருக்கிறவர்களோ அந்தச் சட்டத்தை எங்கள் பண்பாடு என்று கட்டிப்பிடித்துக்கொண்டு, குயர் என்பதுதான் வெள்ளைக்காரன் சரக்கு என்கிறார்கள். ராகுல் ராவ் 2020இல் எழுதிய 'அவுட் ஒஃப் டைம்' உகண்டா, இந்தியா, பிரித்தானியாவை வைத்து இதே மாதிரியான சிக்கலைத்தான் அலசுகிறது. அவருக்கு முந்தி வரலாற்றாசிரியர் தீபேஷ் சக்ரவர்த்தி 2000இல் சொன்னதும் இங்கே பொருந்தும்: காலனி ஆட்சி மற்ற மக்களுக்கு எப்போதும் சொன்னது 'உங்களுக்கு இன்னும் நேரம் வரவில்லை' என்றுதான், வரலாற்றின் காத்திருப்பு அறையில் உட்கார்த்தி வைத்துவிட்டது. முனோஸும் இன்னும் வரவில்லை என்றுதானே சொல்கிறார் என்று நீங்கள் கேட்கலாம். வித்தியாசம் யார் யாருக்குச் சொல்கிறார் என்பதில். அதிகாரி எங்களுக்குச் சொன்னால் அது தவணை போடுவது. நாங்கள் எங்களுக்குச் சொன்னால் அது வந்தே தீர வேண்டும் என்று கேட்பது.

சரி, இந்தக் கோட்பாட்டை வன்னியில் வைத்துப் பார்த்தால் என்ன ஆகும்? முதலில் இடிப்பது இதுதான்: ஹால்பர்ஸ்டாமும் ஃப்ரீமனும் எதிர்த்துப் பேசுகிற அந்த ஒழுங்கான அட்டவணை இங்கே பலருக்குக் கிடைக்கவே இல்லை. யுத்தத்தின் கடைசி வருடங்களில் ஆட்சேர்ப்புக்குப் பயந்து எத்தனையோ வீடுகளில் பதினாறு, பதினேழு வயதில் பிள்ளைகளுக்கு அவசரமாகக் கலியாணம் கட்டி வைத்தார்கள். நல்ல நாள் பார்க்கவில்லை, பதிவும் இல்லை. அந்தப் பிள்ளைகளில் சிலர் இருபது வயதாகும் முன் கைக்குழந்தையோடு விதவையானார்கள். சிலர் இடம்பெயர்ந்து முகாமுக்குப் போய், இருபத்தைந்தில் ஓஎல் எழுதினார்கள். வாழ்க்கையின் படிகள் குலைந்து முன்னுக்குப் பின்னாகக் கிடந்தன. யாரும் அதை விரும்பித் தேர்ந்தெடுக்கவில்லை. இப்படியான ஒரு பெண்ணிடம் போய்க் கலியாணம், வீடு, பிள்ளை என்கிற காலக்கட்டுப்பாட்டில் இருந்து வெளியே வா என்று சொன்னால், அவள் சிரிப்பாள் அல்லது எழும்பிப் போய்விடுவாள். அவளுக்கு அந்த ஒழுங்கு திரும்ப வேண்டும்.

எடெல்மன் இங்கே சிக்குவதும் இதனால்தான். அரசியலின் நடுவில் புனிதமான ஒரு குழந்தை உட்கார்ந்திருக்கிறது என்பது அவர் கணக்கு. 2009 மே மாதம் முள்ளிவாய்க்கால் கரையில் இருந்த பிள்ளைகளுக்கு அந்தப் புனிதத்தை யாரும் கொடுக்கவில்லை. முனோஸ் சொன்ன, எதிர்காலம் எடுத்துவைக்கப்படாத பிள்ளைகள் இவர்கள். அதனால் அமெரிக்காவில் எடெல்மனுக்கு எதிர்வினையாக எழுதப்பட்ட முனோஸை, இங்கே இருந்து வாசிக்கிறவர் முதலில் வாசித்தாலும் ஒன்றும் குடிமுழுகிப் போகாது. 2009இல் வந்த நூலைப் படித்துவிட்டு 2004இல் வந்த நூலுக்குப் போகலாம். காலம் நேர்கோடு இல்லை என்று சொல்கிற ஒரு துறையை வெளியான வருட வரிசையில்தான் படிக்க வேண்டும் என்று பாடத்திட்டங்கள் அடம்பிடிப்பது எனக்கு எப்போதும் வேடிக்கையாகத்தான் இருக்கும்.

காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவினர்கள் 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் போராட்டக் கொட்டில் போட்டு உட்கார்ந்தார்கள். இறந்ததாகவும் பதியாமல், உயிரோடு இருப்பதாகவும் பதியாமல் நடுவில் நிற்கிற நிலைக்கு அதற்கு முந்தின வருடமே அரசு ஒரு சான்றிதழைச் சட்டமாக்கியிருந்தது. மகன் கடைசியாக எந்த உடுப்போடு போனான் என்பதை ஒரு தாய் சொல்லும்போது அவருக்கு அது நேற்று. அவனுக்கு இப்போது என்ன வயது என்று கேட்டால் கணக்குப் பார்த்துச் சரியாகச் சொல்வார், கையில் இருக்கிற படத்தில் அவன் பத்தொன்பதில் நிற்பான். நேர்கோடாக ஓடாத காலம் என்றால் என்ன என்று இவர்களிடம்தான் கேட்க வேண்டும். ஹால்பர்ஸ்டாம் குயர் காலத்தைத் தன்பால் ஈர்ப்புள்ளவர்களோடு நிறுத்தவில்லை, வீடில்லாதவர்கள், வேலையில்லாதவர்கள், பாலியல் தொழிலாளர் என்று விரித்தார். அதைப் பிடித்துக்கொண்டு இந்தத் தாய்மாரின் காத்திருப்பும் குயர் காலம்தான் என்று யாராவது ஒரு ஆய்வுக் கட்டுரை எழுதக்கூடும்.

எழுதாமல் இருந்தால் நல்லது என்பது என் கட்சி. இரண்டு காரணம். அந்தத் தாய்மாரைக் கேட்காமல் அவர்களுக்கு ஒரு பெயர் ஒட்டுவது ஒன்று. மற்றது, அதைவிடப் பெரிது: அப்படி விரித்துக்கொண்டே போனால் குயர் காலம் என்பது இடப்பெயர்வு, காத்திருப்பு, யுத்தம் எல்லாவற்றுக்கும் அழகான ஒரு பெயராகிவிடும், அதற்குள் மாங்குளத்திலோ செட்டிகுளத்திலோ உண்மையாகவே இருக்கிற ஒரு திருநங்கையும், சிநேகிதியைக் காதலிக்கிற ஒரு பெண்ணும் காணாமல் போய்விடுவார்கள். கோட்பாடு பயணம் செய்யும்போது முதலில் தொலைவது பல நேரம் அது யாருக்காகப் பிறந்ததோ அவர்கள்தான். யுத்தம் குலைத்த அட்டவணையை ஊர் புரிந்துகொள்கிறது. "பாவம், பிரச்சினை காலத்தில எல்லாம் பிந்திப்போச்சு" என்று சொல்லிப் பெருமூச்சு விடும். அதே ஊர் தானாக அட்டவணைக்கு வெளியே நிற்கிறவரைக் கண்டால் பெருமூச்சு விடுவதில்லை, சாமியாரிடம் கூட்டிக்கொண்டு போகும், இல்லாவிட்டால் அவசரமாக ஒரு கலியாணத்தைக் கட்டி வைக்கும். இந்த இரண்டு பிந்தலையும் ஒன்றாகப் போட்டுக் குழைக்கக் கூடாது. ஃப்ரீமனின் காலக்கட்டுப்பாடு என்கிற கருவி இரண்டையும் பார்க்க உதவும். பார்ப்பதற்கு உதவினால் போதும், இரண்டுக்கும் ஒரே பெயர் வைக்க வேண்டிய தேவை இல்லை.

இன்னொரு பழக்கமும் எங்களிடம் இருக்கிறது: வெளியில் இருந்து எந்தக் கோட்பாடு வந்தாலும் இதெல்லாம் எங்களிடம் முந்தியே இருந்தது என்று சொல்லிப் பெட்டியை மூடுவது. உதாரணம் கையில் ரெடியாக இருக்கும். தமிழ்நாட்டில் கூவாகம் கூத்தாண்டவர் கோயிலில் சித்திரைப் பௌர்ணமியை ஒட்டித் திருநங்கைகள் அரவானுக்குத் தாலி கட்டிக்கொள்வார்கள், அடுத்த நாள் அரவான் பலியானதும் தாலி அறுத்து, வளையல் உடைத்து, வெள்ளைச் சேலை கட்டி அழுவார்கள். மணமகளாவதும் விதவையாவதும் ஒரே நாளுக்குள். ஊர் அட்டவணையில் ஐம்பது வருடம் எடுக்கிறதை ஒரு இரவுக்குள் மடித்து வைத்த சடங்கு அது. குயர் காலம் படிக்கிற எவருக்கும் இது பெரிய சொத்து, சந்தேகமில்லை. ஆனால் இருந்தது என்று பெருமைப்படுகிற அதே வாய், பக்கத்து வீட்டுத் திருநங்கைக்கு வாடகைக்கு அறை கேட்டால் இல்லை என்கிறது. சடங்கில் ஒரு நாள் கொடுத்த இடம் மற்ற முந்நூற்றுச் சொச்சம் நாளுக்கும் கிடைத்ததா என்றும் சேர்த்துக் கேட்டால்தான் அந்த உதாரணத்துக்கு மரியாதை.

வாசிக்கத் தொடங்க விரும்புகிறவர்களுக்கு: முனோஸின் அறிமுக அத்தியாயத்தில் தொடங்குங்கள், கவிதைகள், ஓவியங்களை வைத்துப் பேசுவதால் ஆங்கிலம் கொஞ்சம் சிரமமாக இருந்தாலும் இழுத்துக்கொண்டு போகும். அடுத்தது குல்பாவும் மிசியெலின்ஸ்காவும் சேர்ந்து எழுதிய முதல் அத்தியாயம். போலந்து என்று வருகிற இடத்தில் எல்லாம் எங்கள் ஊரை வைத்துப் பாருங்கள், எங்கே பொருந்தவில்லை என்று ஓரத்தில் குறித்து வையுங்கள், ஏனென்றால் அவர்களுக்கு எங்களைப் போல் பிரித்தானியர் ஆண்ட வரலாறு கிடையாது. சட்டத்தில் அக்கறை உள்ளவர்கள் நேராக ராவுக்குப் போகலாம். 2007 வட்டமேசை உரையாடல் பேச்சு வடிவில் இருப்பதால் அவர்களே ஒருவரை ஒருவர் வெட்டிப் பேசுவதைப் பார்க்கலாம், கோட்பாடு என்றால் எல்லாரும் ஒத்துப்போவது என்கிற பயம் போய்விடும். ஃப்ரீமனின் முன்னுரை கடினம், காலக்கட்டுப்பாடு வருகிற முதல் சில பக்கங்களை மட்டும் படித்துவிட்டு மூடினாலும் பாதகமில்லை. எடெல்மனைத் தனியாகப் படிக்காதீர்கள். சண்டை பிடிக்க ஒரு ஆளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.